வடிவு போட்ட நிழல்

அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டி, இளநீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கார் ஏறிப் போன மறுநாள் காலையில், சிவந்திப்பேரி ஆஸ்பத்திரி ரோட்டோரம் கட்டியிருந்த பிளக்ஸை ஆட்கள் அவிழ்க்க அவிழ்க்க, அதன் பின்னாலிருந்து வேப்பமரங்கள் வெளியே வந்தன. பிளக்ஸில் அச்சடித்திருந்த அதே வேப்பமரங்கள்தான். அதே உயரம், அதே பச்சை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அதே இடைவெளி, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வளைவு வரைக்கும் வரிசை பிசகாமல் வேரூன்றி நின்றன. கயிறு அவிழ்த்தவன் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துப் பீடி பற்றவைத்துக்கொண்டு, "மேஸ்திரி, கம்பத்தைப் புடுங்கணுமா, மரத்தோட சேந்து நிக்கட்டுமா?" என்று கேட்டான். "கம்பம் வாடகைக் கம்பம்லே. மரத்தைப் பத்தி நமக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. கம்பத்தை மட்டும் புடுங்கு" என்றார் மேஸ்திரி. அப்படியே செய்துவிட்டுப் போனார்கள்.

ரோட்டை அகலமாக்குகிறோம் என்று போன வருஷம் மாசியில் அங்கே நின்ற மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளியிருந்தார்கள். ரோடு போட்டு முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அமைச்சர் திறக்க வருகிறார் என்றதும்தான் காண்ட்ராக்டர் ரோட்டோரத்தைத் திரும்பிப் பார்த்தார். ரோடு என்னவோ மழமழவென்றுதான் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் வெட்டிய மரத்தின் மூடும் குழியும் மண்குவியலுமாகக் கிடந்து பார்க்கச் சகிக்கவில்லை. அவர் நேரே தவமணி அண்ணாச்சியின் பிளக்ஸ் கடைக்கு வந்து, ரோட்டு நீளத்துக்கும் பச்சையாக ஏதாவது அடித்துக் கொடுங்கள், காரில் போகிறவர் கண்ணுக்கு மரமாகத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் டிசைன் வேலை பார்த்தவள் வடிவு. சுடலைவடிவு என்பது முழுப்பெயர்; அப்படி அவளைக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்து வாத்தியார்மார் மட்டும்தான். அந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி எதுவாக இருந்தாலும் ஆளை வெட்டியெடுத்து, தலைக்குப் பின்னால் ஒளி வைத்து, பெயருக்குத் தங்க விளிம்பு கட்டி, எழுத்துக்குக் கீழே நிழல் விழவைத்துத் தெருமுனையில் நிறுத்துகிறவள் அவள்தான். நல்ல கைக்காரி, ஆனால் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். ஒரு மணப்பெண்ணின் ஜிமிக்கி ஓரம் சரியாக வெட்டுப்படவில்லை என்றால், மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலில் நின்று குதித்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். பச்சை என்றதும் அண்ணாச்சி நெட்டிலிருந்து ஏதோ வெளிநாட்டு மரத்தை எடுத்துப் போடச் சொன்னார். "அந்த மரத்துக்கு இங்க என்ன சோலி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, வடிவு தன் செல்போனிலிருந்து ஒரு வேப்பமரத்தை எடுத்தாள்.

அது அவள் அக்கா மாரிக்கனி கொய்யாப்பழமும் வெள்ளரிப்பிஞ்சும் வைத்துத் தள்ளுவண்டியில் யாவாரம் பார்த்த மரம். வெட்ட வந்தவர்கள் கயிறு கட்டிவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் வடிவு ஓடிப் போய்ப் படம் பிடித்தாள். எதற்குப் பிடித்தாய் என்றால் அவளுக்கே தெரியாது, ஆத்திரத்தில் பிடித்தாள். அந்த வருஷம் அக்கினி நட்சத்திரத்தில், மொட்டை ரோட்டில், வண்டிக்குப் பக்கத்திலேயே மாரிக்கனி சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரி எதிரிலேயே இருந்ததால் அவள் பிழைத்தாள், வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. இப்போது மறுபடியும் ஆறாம் மாசம். புருஷன்காரன் லாரியோடு பாதி மாசம் வடக்கே கிடந்தான். வண்டி தள்ளாதே, என் சம்பளத்தில் இருந்துக்கலாம் என்று வடிவு சொன்னால் மாரிக்கனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். இந்தச் சித்திரை வெயிலை அந்தப் பிள்ளை தாண்டி வந்துவிட வேண்டும். வடிவுக்கு அதைத் தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் அவள் பேட்டர்ன் செய்தாள். இலை இலையாக மரத்தை வெட்டியெடுத்து ஒரு கட்டத்துக்குள் வைத்தாள். கட்டத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சேர்கிற இடத்தில் மூட்டுத் தெரியாமல் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாள். அப்புறம் அதைப் பேட்டர்ன் என்று சேமித்து, நிரப்பு என்று ஒரு தட்டுத் தட்ட, ரோட்டு நீளத்துக்கும் மரமாக வந்து நின்றது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அந்த ஒரு மரம்தான், மீதியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்வது. படத்தில் கிளைக்கவட்டில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, மரத்தில் 'மூலம் பவுத்திரம்' வைத்தியரின் தகரப் பலகை ஆணி அடித்திருந்தது. ரெண்டையும் அழிக்க நேரமில்லை. கடைசியில் மரத்துக்கு நிழல் எஃபெக்ட் வைத்தபோது அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்ற அண்ணாச்சி பதறி, "நிழலை எடுத்துப் போடு தாயி, அமைச்சர் என்ன கட்டில் போட்டுப் படுக்கவா வாராரு?" என்றார். வடிவு நிழலை அழிக்காமல், திரையில் அதன் பெயருக்குப் பக்கத்திலிருந்த கண் படத்தைத் தட்டி மூடி மறைத்துவிட்டு, பிளக்ஸை அடிக்கக் கொடுத்தாள்.

ஆக, அன்று காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மாரிக்கனி தன் பழைய இடத்தில் தன் பழைய மரமே நிற்பதைப் பார்த்து, பட்டையை ஒரு தடவு தடவி, வண்டியை அடியில் நிறுத்தி, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்தாள். எடுத்த கையோடு திரும்பப் போட்டுக்கொண்டு தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, மரம் வந்துட்டு. நிழலைக் காணோமே!"

"என்னது?"

"நிழலைக் காணோம்ங்கேன். இலைக்குள்ள பூந்து வெயில் நேரா மண்டையில அடிக்கி."

ஊரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மரம் எப்படி வந்தது என்று கேட்ட ஆள் ஒருத்தர்கூட இல்லை. வந்ததுதான் வந்தது, நிழலோடு வரக்கூடாதா என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் அங்கலாய்த்தார்கள். நிழல் இல்லாத மரம் எதற்கு, ஆடு கட்டவா என்று சைக்கிள் கடை ஆறுமுகப்பெருமாள் தன் கடை முன்னால் நின்ற மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஏசினார். அக்கா சொன்னதைக் கேட்ட வடிவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "நான்தான்க்கா மூடி வச்சேன். போனை வைக்காத, அப்படியே இரி" என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய் ஃபைலைத் திறந்து, மூடிய கண்ணைத் தட்டித் திறந்தாள்.

"விழுந்துட்டு! ஏட்டி, விழுந்துட்டு!" என்று போனில் அக்காவின் சத்தம் கேட்டது. "ஆனா எனக்கு விழல, நடு ரோட்டுல விழுந்து கிடக்கு. கொஞ்சம் இப்படித் தள்ளு."

வடிவு கோணத்தைத் திருப்பினாள், தூரத்தைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போதும் ரொம்பப் போய்ட்டு என்று மாரிக்கனி அங்கிருந்து சொல்லச் சொல்ல, ரோட்டு நீளத்துக்கும் எல்லா மரத்து நிழலும் ஒன்றாக நகர்ந்து, ஒன்றாகத் திரும்பி, தள்ளுவண்டிகள் நிற்கிற ஓரத்தில் வந்து படுத்தன. வெயிலுக்கு இது பத்தாது என்று நினைத்து அடர்த்தியை முழுசாக ஏற்றியதில் மரத்தடி மையிருட்டாகிவிட்டது. எங்கிருந்தோ வந்த ஒரு கோழி, பொழுது அடைந்துவிட்டது என்று நினைத்து மாரிக்கனியின் வண்டிக்கு அடியில் குஞ்சுகளோடு பதுங்கிக்கொண்டது. ஊர் சிரித்த சிரிப்பு போனில் கேட்டது. வடிவு பாதியாகக் குறைத்துச் சேமித்தாள்.

அந்த நிழலுக்கு ஒரு குணம் இருந்தது. வடிவு வைத்த கோணத்தில் விழுந்ததே தவிரச் சூரியனை அது மதிக்கவில்லை. காலையிலும் உச்சியிலும் சாயங்காலத்திலும் ஒரே இடத்தில் கிடந்தது. சிவந்திப்பேரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிழலைத் துரத்திக்கொண்டு வண்டியை நகர்த்துகிற வேலை மிச்சம் என்று இட்லிக்கடைப் பெண்கள் அடுப்பையே நட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுக் காத்துக்கிடப்பவர்கள் பாயை விரித்தால் சாயங்காலம்தான் சுருட்டினார்கள். மாரிக்கனி சாக்குப் பையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வெயில் அந்தப் பக்கம் கொளுத்துவதைப் பார்த்துக்கொண்டே வெள்ளரிப்பிஞ்சு நறுக்கினாள்.

மரத்துக்கும் ஒரு குணம் இருந்தது, அதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தது. ஒரு மரத்துக்கு என்ன செய்தாலும் எல்லா மரத்துக்கும் ஆயிற்று. காலையில் யாராவது ஒருத்தர் பல் விளக்க ஒரு குச்சியை ஒடித்தால், வரிசை முழுக்க அதே குச்சி ஒடிந்து அந்தந்த மரத்தடியில் விழுந்தது; ஆளாளுக்கு ஒடிக்க வேண்டாம் என்று முதலில் எழுந்திருக்கிறவர் ஒடிப்பது வழக்கமாயிற்று. மாரிக்கனி பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஆசையாக ஒரு பழைய சேலையை எடுத்துக் கிளையில் தொட்டில் கட்டிப் பார்த்தாள்; எல்லா மரத்திலும் அதே சேலை, அதே பூப்போட்ட முந்தானை, தொட்டிலாகத் தொங்கியது, ஊசி போட வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கிடத்தி ஆட்டினார்கள். ஒரு அம்மாள் தன் வீட்டு முன் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றிப் பொட்டு வைக்கப் போக, வரிசை மொத்தமும் அம்மனாகிவிட்டது; அவசரத்துக்கு மரத்தடியில் ஒதுங்குகிற ஆண்கள் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்கு நடக்க வேண்டியதாயிற்று. மரத்துக்கு மரம் பலகை தொங்கியதில் மூலம் பவுத்திர வைத்தியருக்குக் கூட்டம் குவிந்தது; அவர் ஒரு நாள் கையில் மாலையோடு வந்து, எந்த மரத்துக்குப் போடுவது என்று தெரியாமல் ஒன்றுக்குப் போட்டு, எல்லாவற்றுக்கும் விழுந்ததைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சங்கடமும் வராமல் இல்லை. அமாவாசையன்று ஆறுமுகப்பெருமாள் மரத்தடியில் இலை போட்டுச் சோறும் வடையும் வைத்துக் கூப்பிட, காகம் இறங்கி வந்து தின்றது. அதே நொடியில் எல்லா மரத்துக் காகமும் இறங்கி, வெறுந்தரையைக் கொத்தி, வயிறு நிறைந்து ஏறிவிட்டன. பிறகு குளித்து முழுகி இலையோடு வந்த டெய்லர் பிச்சையா தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவர் மரத்துக் காகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏ பெருமாளு, உங்க அய்யாவுக்கு வச்ச சோத்தை எங்க அய்யாவும் சேந்து தின்னுட்டாருவே! இப்ப நான் வச்சதுக்கு ஆளில்லாமப் போச்சு."

"பசிச்சிருக்கும், தின்னுருப்பாரு. உயிரோட இருக்கையில நீரு ஒழுங்காப் போட்டீரா?"

கைகலப்பாகப் போன சண்டையை விலக்கிவிட்டு, இனி அமாவாசைக்கு ஒரே இலை, வீட்டுக்கு ஒரு கறி, எல்லார் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுவது என்று பேசி முடித்தார்கள். இப்படி ஒரு வழியாக ஊர் அந்த மரத்தோடு பழகிக்கொண்டது.

பழகாத ஆள் ஒருத்தர் இருந்தார், நகைக்கடை பரமானந்தம். ரோடு அகலமாகப் போகிறது என்றதுமே ஆஸ்பத்திரிக்கு எதிரே மூன்று மாடியில் கண்ணாடி வைத்துக் கடை கட்டியிருந்தார். மாரிக்கனியின் மரம் நின்றது சரியாக அந்தக் கடைக்கு முன்னால். அவர் பிளக்ஸ் கடைக்கே நேரில் வந்து, அண்ணாச்சி போட்ட நாற்காலியில் உட்காராமல் வடிவு பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, அந்த நிழலைக் கொஞ்சம் எங்க கடைப் பக்கமாத் திருப்பி விடு. கஸ்டமர் கார் எல்லாம் வெயில்ல காயுது."

"திருப்புனா எல்லா மரத்து நிழலும் திரும்பும் முதலாளி. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, வண்டிக்காரங்க எல்லாரும் வெயில்ல நிக்கணும்."

"நின்னா என்ன, உருகியா போயிருவாங்க?"

"ஆமா முதலாளி, எங்க அக்கா வயித்துல இருந்தது போன வருஷம் உருகித்தான் போச்சு. திருப்ப மாட்டேன்."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பரமானந்தம் படியிறங்கிப் போனார், போனவர் சும்மா இருக்கவில்லை. அட்சய திருதியை வருகிறது, மரம் கடைப் பலகையை மறைக்கிறது, வெட்ட அனுமதி வேண்டும் என்று நகராட்சியில் கேட்டார். பார்க்க வந்த அதிகாரி, எல்லாம் அச்சு அசலாக ஒன்றாகவே இருப்பதால் எதை எதிலிருந்து பிரித்து எண்ணுவது என்று குழம்பி, கடைசியில் மொத்தமும் ஒரே மரம்தான் என்று முடிவு செய்து, அந்த ஒரு மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அட்சய திருதியைக்கு முந்தின நாள் காலையில் வெட்டு என்று ஊருக்குத் தெரிந்தது.

வெட்டுக்கு முந்தின நாள் காலையிலேயே ஊர் திரண்டு போய்க் கெஞ்சியது. ஒன்றை வெட்டினால் அத்தனையும் விழுமே முதலாளி என்று ஆறுமுகப்பெருமாள் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு குச்சியை ஒடித்து வரிசை முழுக்கக் குச்சி விழுவதைக் காட்டினார். பரமானந்தம் அதை நன்றாகப் பார்த்தார். "என் வாசல்ல நிக்கிற மரத்தை நான் வெட்டுறேன். மத்த மரம் விழுந்தா அது மரத்தோட இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வடிவு அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. "அண்ணாச்சி, அந்த ஃபைலை நான் திறக்கணும்" என்றாள்.

"தாயி, வருஷம் பூரா நமக்கு வேலை குடுக்குற மனுசன். அவர் பொல்லாப்பு நமக்கெதுக்கு? நீ என்ன செய்யப் போற?"

"பிரிக்கப் போறேன். இப்ப அது ஒரே மரம் அண்ணாச்சி, அதான் ஒண்ணு விழுந்தா எல்லாம் விழும். பேட்டர்னை உடைச்சுச் சாதாரணப் படமா மாத்திட்டா, அதது தனித்தனி மரம்."

"திருப்பிப் பழையபடி ஆக்க முடியுமா?"

"முடியாது."

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், செருப்பை மாட்டினார். "நான் ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு வீட்டுல கருவாட்டுக் குழம்பு. தின்னா எனக்குத் தூக்கம் வரும், எந்திரிக்க நேரமாவும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

பேட்டர்னை உடைத்துச் சாதாரணப் படமாக்குகிற, ராஸ்டரைஸ் என்றிருந்த வரியை வடிவு அழுத்தினாள். கம்ப்யூட்டர் முனகியது, திரையில் கோடு எறும்பு ஊர்வதைப்போல் ஊர்ந்தது, கோடு முடிகிற நேரம் ஆஸ்பத்திரி ரோட்டில் காகம் ஒன்று கத்தியது. ஒன்றுதான் கத்தியது. கொஞ்சம் விட்டு இன்னொரு மரத்தில் இன்னொன்று கத்தியது, அடுத்ததில் ஒன்று சிறகை உதறியது, மற்றொன்று வெறுமனே எழும்பி ஆஸ்பத்திரி மாடியைத் தாண்டிப் பறந்தே போயிற்று. காற்று வீச, இந்த மரம் ஒரு விதமாகவும் அந்த மரம் ஒரு விதமாகவும் ஆடின. ஆறுமுகப்பெருமாள் ஒரு குச்சியை ஒடித்து வரிசையைப் பார்த்தார். வேறெங்கும் எதுவும் விழவில்லை. "பிரிஞ்சிட்டுவே! நம்ம மரம் பிழைச்சிட்டு!" என்று அவர் போட்ட கூச்சலில் நோயாளிகள் ஜன்னலுக்கு வந்தார்கள். இனி அவரவர் குச்சியை அவரவர் ஒடிக்க வேண்டும், அவரவர் தொட்டிலை அவரவர் கட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்தந்த மரம் பட்டுப்போகும்; இருந்தாலும் ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்டுப்படப் போவது ஒரே ஒரு மரம்தான். ஒன்று போனால் போகட்டும், மற்றதெல்லாம் நின்றதே என்று டீக்கடையில் ஆளுக்கொரு டீ சொல்லிக் குடித்தார்கள்.

அந்த ஒன்று மாரிக்கனியின் மரம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அதுதான் வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலையில எல்லாரும் சேந்து கும்பிட்டாங்க. இப்ப அவங்கவங்க மரம் பிழைச்சதும் உன்னை மறந்துட்டாங்க பாத்தியா?" என்று அக்காவிடம் வந்து பொரிந்தாள்.

மாரிக்கனி கொய்யாப்பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். "விடுட்டி. அடுத்த மரத்துப் பூக்காரியக்கா கிட்ட நாளைக்குக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லிக் கேக்கேன். இல்லைன்னா இட்லிக்கடைக்குப் பின்னால." சொல்லும்போதே பூக்காரியின் நிழலில் பூக்கூடையும் அவள் மருமகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது ரெண்டு பேருக்கும் தெரிந்தது. "இன்னும் மூணு மாசந்தானே, துண்டைப் போட்டுக்கிட்டு நின்னுருவேன்."

"போன தடவையும் நீ இதைத்தான் சொன்ன."

மாரிக்கனி கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "பயமா இருக்குட்டி" என்றாள்.

வடிவு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கடைக்குத் திரும்பியவள், தூங்கி எழுந்து வந்திருந்த அண்ணாச்சியிடம், "இன்னும் முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு மரத்தைக் கட்டம் கட்டி வெட்டித் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, எடுத்து வைத்தாள். நிழல் எஃபெக்டும் அதோடு கூடவே வந்தது. எஃபெக்ட் என்பது ஒட்டுண்ணி, லேயர் இருக்கிற வரைக்கும்தான் இருக்கும்; மரத்தை அழித்தால் நிழலும் போய்விடும். ஆனால் எஃபெக்டைப் பிரித்து நிழலைத் தனி லேயராக்க ஒரு வழி உண்டு, கல்யாண பிளக்ஸ்களில் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அதை அழுத்தியதும் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது: லேயராக மாற்றும்போது எஃபெக்டின் சில அம்சங்கள் அப்படியே வராமல் போகலாம், பரவாயில்லையா என்று கேட்டது.

எந்த அம்சம் வராது என்று அது சொல்லவில்லை. கறுப்பு மட்டும் வந்து குளிர்ச்சி வராமல் போனால்? நாளைக்கு அக்கா தலையில் வெயிலும் காலடியில் வெறும் கறையுமாக நின்றால்? அண்ணாச்சி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மத்த மரத்துக்கும் சேத்தே செஞ்சிரேன், எல்லாருக்கும் பத்திரமாப் போகும்லா" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நிழல் தனியா நிக்கும்னு தெரிஞ்சா நாளைக்கே எல்லா மரத்துக்கும் கோடாலியோட வந்துருவாங்க."

"அதுவும் சரிதான். அப்ப இதுக்கு? செஞ்சிட்டா அப்புறம் திருப்ப முடியுமா?"

"யாராலயும் முடியாது. பரமானந்தம் முதலாளி வந்து என் கழுத்துல கத்தி வச்சாலும் என்னால அந்த நிழலைத் திருப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சந்தோஷத்திலேயே பரவாயில்லை என்பதை அழுத்தினாள். அக்காவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை, வண்டியை வழக்கமான இடத்திலேயே போடு என்று மட்டும் சொன்னாள்.

வெட்டு நாளன்று வெயில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஊர் வந்து தூர நின்றது. முந்தின நாள் டீ குடித்தவர்கள் அன்றைக்கு மாரிக்கனியைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார்கள். மெஷின் ரம்பம் மக்கர் செய்ததால் வெட்ட வந்தவன் கோடாலியாலேயே வெட்டினான், மெலிந்த ஆள், வெட்டுக்கு வெட்டு மூச்சு வாங்கியது. வண்டியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாரிக்கனி எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நின்றாள், வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மரம் கடைப் பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடிக்குத் தூசி அடித்து விழுந்தது. தூசி அடங்கியதும் பரமானந்தம் தலையைத் தூக்கித் தன் கடைப் பலகையைப் பார்த்துச் சிரித்தார். தலையைத் தாழ்த்திய பிறகு சிரிப்பு நின்றது.

நிழல் கிடந்தது. அடிமரத்தின் நிழல், கிளைகளின் நிழல், இலைகளின் நிழல், காகம் உட்கார்ந்திருந்த கவட்டின் நிழல் எல்லாம் தள்ளுவண்டி நிற்கிற ஓரத்தில், கிடந்த இடத்திலேயே கிடந்தன. காற்றடித்தது, மற்ற மரத்து நிழல்கள் ஆடின, இது மட்டும் ஆடவில்லை. வராமல் போன அம்சம் அசைவாக இருக்குமோ, வேறு எதுவும் போயிருக்குமோ என்று வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரமானந்தத்தின் ஆட்கள் கட்டை, கிளை, சருகு எல்லாவற்றையும் அள்ளி லாரியில் போட்டார்கள். அப்புறமும் கிடக்கவே, ஒருவன் துடைப்பத்தால் பெருக்கிப் பார்த்தான், இன்னொருவன் வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் ஓடிப்போயிற்று.

"ஏம்மா, என்ன இது? எடு இதை!" என்று பரமானந்தம் கத்தினார்.

"என்னால முடியாது முதலாளி. உங்களால முடிஞ்சா வெட்டிக்கிடுங்க" என்றாள் வடிவு.

அவர் கோடாலிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கோடாலியை லாரியில் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்காமல், கால் போன போக்கில் நடந்து வந்து அந்த நிழலுக்குள் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் காலை நீட்டினான். கண்ணை மூடி, வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு விட்டு, "யப்பா, என்ன குளுகுளுன்னு இருக்கு" என்றான்.

வடிவு அக்காவின் கையை விட்டாள். மாரிக்கனி வண்டியைத் தள்ளிக்கொண்டு நிழலுக்குள் வந்து, சாக்குப் பையை மடித்துப் போட்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். மரத்தை வெட்டியவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, தின்னுட்டு மெதுவா எந்திரிங்க. இந்த நிழல் எங்கயும் போவாது."